மேற்படி

தேவகோட்டை ரஸ்தாவில் எடைமேடை.
எனக்கு இரவுப் பணி.
கரிமூட்டை, நெல், செங்கல்,
ஒருமுறை யாருடைய வீட்டையோ பிரித்து ஏற்றிய
தேக்குத் தூண்கள்.
வண்டி ஏறியதும் பெட்டிக்குள்
சிவப்பு எண் தத்தளிக்கும்.
மேலே போகும், கீழே வரும்,
ஓட்டுநர் இறங்கிக் கதவைச் சாத்திய பிறகு
ஒருமுறை நடுங்கி
நிற்கும்.
நின்ற பிறகுதான் எழுத வேண்டும்.

போன ஐப்பசியில்
காரைக்குடி ஆஸ்பத்திரியில்
என்னிடமும் ஒரு எடை சொன்னார்கள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம்.
ஆண்.
அழவில்லை.

என் மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே
உலகத்தில் எதுவும் இல்லை.

பூசைக்குப் போனேன். முழந்தாளிட்டேன்.
செபம் வரவில்லை.
செலின் ஒருபக்கம் சுவரைப் பார்த்துக் கிடந்தாள்.
நான் வேதத்தை எடுத்து
விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.
பக்தி என்று சொல்ல மாட்டேன்,
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல்
இரண்டு லாரிகளுக்கு நடுவே
இரண்டு பக்கம்.
ஆறுதல் வசனங்களைத் தேடவில்லை.
அடக்கத்துக்கு வந்தவர்கள்
அவற்றையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வரிசையில் வந்தது வனாந்தரம்.
மக்கள்தொகை, கூடார முளை, யார் எதைச் சுமப்பது.
பிறகு பன்னிரண்டு நாள் காணிக்கை.
முதல் நாள் ஒரு தலைவன் வருகிறான்:
நூற்று முப்பது சேக்கலில் வெள்ளித் தட்டு,
எழுபதில் ஒரு கிண்ணம்,
பத்தில் பொன் கலம், நிறையத் தூபம்,
காளை, கடா, ஒரு வயது ஆட்டுக்குட்டி.
இரண்டாம் நாள் வேறொருவன்.
அதே தட்டு. அதே கிண்ணம். அதே குட்டி.
மூன்றாம் நாளும்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அந்த ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவை.
எந்தக் கணக்கன் இப்படி எழுதுவான்?
உடையப்பன் ஒரே ராத்திரியில்
மூன்று நடை கரி கொண்டுவந்தால்
முதல் நடைக்குத்தான் முழுப்பெயர்,
அடுத்ததற்கெல்லாம் ௸.
மண்டிக் கணக்கில் பார்த்துப் பழகிய சுழி,
மை மிச்சம், நேரம் மிச்சம்.

ஐந்தாம் நாளில் சிரிப்பு நின்றது.

இவர் சுழி போடவில்லை.
பன்னிரண்டு பேருக்கும்
பெயர், தகப்பன் பெயர்,
தட்டின் எடை, கிண்ணத்தின் எடை.
முன்னவன் கொண்டுவந்தது
பின்னவனுக்குப் போதும் என்று நினைக்கவில்லை.
ஒவ்வொரு நாளும் புதிதாகத் தூக்கிப் பார்த்து
புதிதாக எழுதியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்
எங்கள் பையனுக்கு மேலே ஒரு பெண்குழந்தை,
அதுவும் அழாதது.
இவனுடைய கட்டத்தில் நர்ஸ்
இரண்டு கோடு இழுத்திருந்தாள்.
மேற்படி.
அவளைக் குற்றம் சொல்லவில்லை.
அவளுக்கும் இரவுப் பணி.

மணி ஒன்றே முக்கால். செலினைக் கூப்பிட்டேன்.
தூங்கவில்லை என்று தெரியும்.
"வாசிக்கிறேன், கேளு" என்று தொடங்கினேன்.
ஏழாம் நாளில் கேட்டாள்:
"திரும்பத் திரும்ப அதேதானா?"
"அதேதான். ஆள் வேற."
கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
"வாசிங்க."

ஒன்பதாம் நாளில் உடையப்பன் வந்து
ஆரன் அடித்தான்.
போனைக் கீழே வைத்துவிட்டு எடை பார்த்தேன்.
எண் தத்தளித்தது, நடுங்கியது, நின்றது.
சுழிக்குப் போன பேனாவை நிறுத்தி
உ-டை-யப்-பன் என்று முழுதாக எழுதினேன்.
"என்னண்ணே இன்னிக்கு இவ்வளவு மெதுவா?" என்றான்.

மனசு ஆறிவிட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை.
ஆறவில்லை.
ஆனால் தத்தளித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று
எனக்குள்ளும் கதவைச் சாத்திக்கொண்டு
நின்றிருந்தது,
எழுதிக்கொள்ளலாம் என்பதுபோல.

போனை எடுத்தேன். இணைப்பு அப்படியே இருந்தது.
மூச்சு கேட்டது.
அழுகிறாளா, தூங்கிவிட்டாளா
தெரியவில்லை.

பத்தாம் நாள், பதினொன்று.
பன்னிரண்டாம் நாளையும்
தட்டின் எடை விடாமல்
வாசித்து முடித்தேன்.